பெட்டிக்குள்ளேயே கிழடாகும் ஷூ

கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் மட்டும் வெளியே வரும் ஷூ, சில வருடம் கழித்துப் போட்டு நடந்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறதே, ஏன்? உழைக்காத பொருள் நீடித்து இருக்கத்தானே வேண்டும்?

காரணம், காற்றின் ஈரம். பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. அதிலும் பாலியெஸ்டர் வகை என்றால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். நீர் மூலக்கூறு அவற்றை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலமே அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. இதுதான் நீராற்பகுப்பு. வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரம், வெப்பம் இரண்டுமே தாராளம். ஈரம் காயாத ஷூவை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறோம்.

எப்போதாவது அணிபவருக்கு ஈ.வி.ஏ. என்ற வேறு வகை நுரை நல்லது. எடை குறைவு, நீராற்பகுப்புக்கு எளிதில் மசியாது. நாளடைவில் சற்று அமுங்கும், அவ்வளவுதான். ஷூவை மாலையில் போய் வாங்குங்கள்: பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். “போடப் போட இளகிடும் சார்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள்தான் அடிக்கடி போடப்போவதே இல்லையே!