ஜாதுகுடா: பாறைக்குள்ளிருந்து வரும் ஆபத்து

புது தில்லி: ஜார்க்கண்ட் மாநிலம் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் உள்ள ஜாதுகுடா, நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம் அமைந்த ஊர். இந்திய யுரேனியக் கழகம் அங்கு 1967-ல் தோன்றியது. ஜாதுகுடா பற்றிய சர்ச்சை பெரும்பாலும் கழிவுக் குட்டைகளைச் சுற்றியே நடக்கிறது. சுரங்கத்தினுள் இறங்குவோர் சுவாசிக்கும் ரேடான் வாயு பற்றிப் பேசுவோர் குறைவு.

நிறமோ மணமோ அற்ற இவ்வாயு யுரேனியத்தின் வழித்தோன்றல். யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. அந்தச் சிதைவின் உந்துதலில் ரேடான் அணு தாதுத் துகளிலிருந்து தெறித்து, பாறையின் நுண்துளைகளை அடைகிறது. எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு ஆதலால் அதைப் பிடித்துவைக்க அங்கு எதுவும் இல்லை. விரிசல்கள் வழியே நகர்கிறது. நிலத்தடி நீரில் கரைந்து வந்து, நீர் சுரங்கத்தில் ஊறியதும் பிரிகிறது. காற்றழுத்தம் குறையும் நாள்களில் பாறையிடுக்குகளிலிருந்து கூடுதலாக வெளிப்படுகிறது.

ஏறத்தாழ 3.8 நாளில் பாதி ரேடான் சிதைந்துவிடும். ஆகவே ஆழத்தில் பிறப்பதில் பெரும்பகுதி பாறையிலேயே அழிகிறது. வெடிவைத்துப் பாறையைத் தகர்க்கும்போதோ புதிய பரப்புகள் திறந்து, அதன் பயண தூரம் சுருங்கிவிடுகிறது. காற்றோட்டம் எட்டாத முட்டுச் சந்துகளில் வாயு தேங்குகிறது.

ரேடானைவிட அதன் சிதைவில் பிறக்கும் பொலோனியம் அணுக்களே கொடியவை. தூசியில் ஒட்டி நுரையீரலில் படிந்து, ஆல்பா துகள்களை உமிழ்பவை அவை. ரேடான் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ல் வகைப்படுத்தியது.

பரிகாரம் எளிது: இடைவிடாது சுழலும் ராட்சத மின்விசிறிகள். அவை நின்றால் தொழிலாளிக்கு வாசனையால் தெரியாது. கருவியின் அளவீடு மட்டுமே சொல்லும். அந்த அளவீட்டைச் சரிபார்ப்பவர் யார் என்பதே கேள்வி. யுரேனியக் கழகம் அணுசக்தித் துறையைச் சேர்ந்தது. 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று மத்திய தணிக்கைத் துறையே 2012-ல் குறை கூறியது.

அமெரிக்காவில் நவாஹோ பழங்குடியினர் உள்ளிட்ட யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்க 1990-ல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குச் சான்றாக நின்றவற்றுள் முக்கியமானவை, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1950 முதல் சேர்த்த மருத்துவப் பதிவுகள். ஆபத்தைத் தொழிலாளர்களிடம் சொல்லாமலேயே அவை சேர்க்கப்பட்டன என்பது வேறு விஷயம். ஜாதுகுடா கழிவுகள் தொடர்பான பொதுநல மனுவை, அணுசக்தி ஆணையத்தின் பிரமாணப் பத்திரத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தள்ளுபடி செய்தது.