விண்வழிக் காவலர் – 7: கேட்ட சொல்லும் திரும்பிய சொல்லும்

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைகளும் அரணாக நிற்க, நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழும் கிந்தா பள்ளத்தாக்கில், பிற்பகல் வெயிலின் உக்கிரம் தணியுமுன்பே கருமேகம் திரண்டு இடியும் மழையும் ஒருசேர இறங்குவது ஈப்போவாசிகளுக்குப் புதிதன்று. அத்தகைய வேளையில் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம், சுல்தான் அஸ்லான் ஷா நிலையத்தின் ஓடுபாதையைக் காண முடியாமல் மேலே வட்டமிட்டுவிட்டு, பினாங்குக்கோ செப்பாங்குக்கோ போய்விடுவதும் உண்டு. "இவ்வளவு தூரம் வந்துட்டு இறங்காம போறானே!" என்று வாசலில் காத்திருக்கும் உறவினர் அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் காணாத அந்த அரைமணி நேரத்தைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

ஒரு விமானம் புறப்பட்ட இடம் முதல் சேருமிடம் வரை ஒரே கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் இருப்பதில்லை. வட்டார நிலையத்தார் அதை நெருங்குபாதைப் பிரிவினரிடமும், அவர்கள் ஓடுபாதையைக் கண்ணால் காணும் கோபுரத்தாரிடமும் ஒப்படைக்கிறார்கள். வானம் தெளிந்திருக்கும்போது இந்தக் கைமாற்றம் சிரமமின்றி நடைபெறும். இடிமேகம் குறுக்கிட்டாலோ, ஒவ்வொரு விமானியும் அதை விலக்கிச் செல்ல வழி கேட்க, விமானங்கள் தத்தம் பாதையை விட்டு மேகங்களுக்கிடையே உள்ள சொற்ப இடைவெளிகளில் வந்து நெருங்குகின்றன. அவற்றை ஆயிரம் அடி உயர வித்தியாசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிடச் செய்து, கீழே உள்ளது இறங்கியபின் மேலே உள்ளதை ஒரு படி இறக்கி, அதே நேரத்தில் அடுத்த நிலையத்தாரோடும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் பலரும் பேச முயலும் அந்த நெரிசலில் உயிர்காக்கும் சாதனம் மிக எளிமையானது: கட்டுப்பாட்டாளர் இட்ட உத்தரவை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில், மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலைசெய்ய வேண்டிய நிரையைச் சொல்ல, ஆள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த பெயருக்குப் போகும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இந்த நியமம் தவறியதன் விளைவை நம் மலேசிய நாடே கண்டிருக்கிறது. 1989 பிப்ரவரி 19 அன்று, இன்னும் விடியாத வேளையில், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்குச் சரக்கேற்றி வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், "டிஸென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். அந்த 'டூ' என்பதை இரண்டு என்ற எண்ணாகக் கொள்ளாமல், 'வரை' என்னும் பொருளில் கொண்ட விமானி, "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். அதாவது 400 அடி! திரும்பி வந்த அந்தப் பதிலில் இரண்டாயிரம் அடி மறைந்துபோனதை எவரும் தடுத்துக் கேட்கவில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி விமானி அறையில் கூவியும் பயனில்லை. விமானம் பூச்சோங் அருகே குன்றில் மோத, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். கூவிய கருவியைக் காட்டிலும், திருத்தப்படாமல் போன அந்த ஒரு பதிலே என் மனத்தை இன்றும் வருத்துகிறது.

அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, 1977 செப்டம்பர் 27 அன்று, ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.-8 விமானம் மோசமான வானிலையில் சுபாங்கை நெருங்கி, எல்மினா ரப்பர் தோட்டத்துக் குன்றொன்றில் விழுந்தது; விமானத்திலிருந்த 79 பேரில் 34 பேர் உயிரிழந்தனர். அங்கே சொல் தவறவில்லை. ஓடுபாதை கண்ணில் படாதவரை இந்த உயரத்துக்குக் கீழே இறங்கலாகாது என்று விதிக்கப்பட்ட எல்லையை விமானி கடந்துவிட்டார். ஈப்போவில் இறங்காமல் திரும்பும் விமானி அந்த எல்லையைக் கடக்க மறுக்கிறவர் என்பதை உறவினர்கள் அறிந்தால், அங்கலாய்ப்புக்கு இடமிராது.

ஆனால் வட்டமிடுவதற்கும் திரும்புவதற்கும் எரிபொருள் வேண்டும். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா விமானம், கெட்ட வானிலையால் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிஷம் வட்டமிட வைக்கப்பட்டது. விமானிகள் 'முன்னுரிமை வேண்டும்' என்றார்களே ஒழிய, 'அபாய நிலை' என்ற சொல்லை உரிய முறையில் பிரயோகிக்கவில்லை; ஒரு கட்டுப்பாட்டாளரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறியபோது எரிபொருள் நெருக்கடி பற்றிய செய்தியும் உடன்செல்லவில்லை. முதல் முறை இறங்க இயலாமல் மீண்டும் மேலெழுந்த அந்த விமானம், எரிபொருள் தீர்ந்து லாங் தீவில் விழுந்து 73 பேரைப் பலிகொண்டது. தயக்கத்தாலும் பணிவாலும் சுருங்கிப்போன பேச்சு, ஆகாயத்தில் எத்தனை கொடியது!

இன்றைய சர்வதேச விதிகளில் இதற்கென்றே இரண்டு அறிவிப்புகள் உண்டு. இனித் தாமதம் ஏற்பட்டால் இறுதிச் சேமிப்பாக வைத்திருக்கும் எரிபொருளில் கைவைக்க நேரிடலாம் என்ற நிலையில் விமானி 'மினிமம் ஃபியூவல்' என்று தெரிவிக்க வேண்டும்; அது எச்சரிக்கை மட்டுமே, முன்னுரிமை தராது. அருகிலுள்ள பத்திரமான நிலையத்தில் இறங்கும்போது, ஜெட் விமானத்துக்கு 30 நிமிஷம் பறக்கப் போதுமான அந்தச் சேமிப்பும் குறைந்திருக்கும் என்று கணக்கில் தெரிந்தால், 'மேடே, மேடே, மேடே, ஃபியூவல்' என்று தயங்காமல் முழங்க வேண்டும். அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்கு வழிவிடும்படி மற்ற விமானங்களை விலக்கிவிட்டு, அதை வரவேற்க வேண்டிய நிலையத்துக்கும் அப்போதே செய்தி சொல்லிவிடுகிறார்.

(தொடரும்)