மீண்டும் தலைதூக்கும் முதுகுவலி

திருப்பூரில் முதுகுவலியை யாரும் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு அது வருவதுதான் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். காலை எட்டரை மணிக்கு ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்தால், ஒன்றரை ஷிப்டு முடித்து எழும்போது இரவு எட்டரை ஆகிவிடுகிறது. சாய்மானமில்லாத ஸ்டூல், குனிந்த கழுத்து, ஓயாது மிதிக்கும் கால் - இவை போதாவா முதுகு நோவதற்கு?

போதும்தான். ஆயினும் ஒரே வரிசையில், ஒரேவிதமான ஸ்டூலில் அமர்ந்து, ஒரே துணியைத் தைப்பவர்களுள் பலருக்கு ஓய்வெடுத்ததும் வலி தீர்ந்துவிட, சிலருக்கு மட்டும் அது ஆண்டுக்கணக்கில் குடியேறிவிடுவது ஏன்? அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,000க்கு மேற்பட்ட தொழிலாளரை நெடுநாள் கவனித்து 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. முதுகுவலி என்று பின்னாளில் முறையிட்டவர் யார் என்பதைத் தூக்கிய சுமையைக் காட்டிலும், தம் வேலையில் அவர்களுக்கிருந்த மனக்கசப்பே நன்கு முன்னறிவித்தது. எலும்பும் தசையும் மட்டுமன்று, மனத்தின் பாரமும் முதுகில் ஏறுகிறது.

மனப்பாரத்துக்கு நம் ஊரில் குறைவில்லை. 2011 சனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் பணத்தாள்கள் செல்லாமற் போயின. 2020இல் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. ஒவ்வொரு முறையும் ஆர்டர் நின்றது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள் கலங்கின. இவற்றுக்கிடையே வாரத் தவணையும், வீட்டு வாடகையும், பிள்ளையின் கட்டணமும் தத்தம் நாளில் தவறாமல் வந்து நிற்கின்றன.

மனத்தால் வரும் வலி என்றால் பொய் வலி என்று பொருளன்று. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் வீட்டில் உள்ளவர்களே, 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்' என்று பேசி நோயாளியை ஊமையாக்கிவிடுகின்றனர். வலியை உண்டாக்குவது மூளை. ஆபத்து என்று அது கருதினால் காயமில்லாத இடத்திலும் வலிக்கும். 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டடத் தொழிலாளியைப் பற்றி எழுதிற்று. 15 சென்டிமீட்டர் ஆணியொன்று அவர் பூட்சைத் துளைத்து வெளிவந்திருந்தது. மயக்க மருந்து தந்து ஆணியைப் பிடுங்க வேண்டிய அளவுக்கு வேதனை. பூட்சைக் கழற்றிப் பார்த்தபோது, ஆணி இரு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடித்தாரென்று எவரும் சொல்லார்.

இத்தகைய நாட்பட்ட வலிக்கு இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது; இடுப்புப் பெல்ட்டையும், இழுவைச் சிகிச்சையையும் வேண்டாமென்கிறது. கொலராடோவில் 151 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், வலி ஆபத்தின் அறிகுறியன்று என்று மூளைக்குப் பழக்கும் முறையால், நான்கு வாரத்தில் மூவரில் இருவர் வலி முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ நீங்கப்பெற்றனர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுள் அந்நிலை எய்தியவர் பத்தில் ஒருவரே. ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள். பன்னிரண்டு மணிநேரம் தைப்பவர்கள் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது.

இனிதான் நாம் சொல்ல வந்த செய்தி. சிகிச்சை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே வலி திரும்பி வரும். திரும்பி வராமற் போனால்தான் வியப்பு.

ஒரு டெய்லர் பெண்ணை எண்ணிக்கொள்வோம். ஆறு வாரமாக நாள்தோறும் இருபது நிமிடம் நடக்கிறாள். வலி பாதியாகக் குறைந்துவிட்டது. அப்போது சரக்கு அனுப்பும் வாரம் வருகிறது. இரவு வேலை, தூக்கக்குறைவு, சூப்பர்வைசரின் ஏச்சு, போதாததற்குத் தவணை நாளும் சேர்ந்துகொள்கிறது. வியாழக்கிழமை காலை பழைய வலி அப்படியே வந்து நிற்கிறது. 'எல்லாம் வீணாயிற்று, உள்ளே ஏதோ கெட்டுப்போய்விட்டது' என்று அவள் அஞ்சுகிறாள். கழற்றி வைத்த பெல்ட்டைக் கட்டுகிறாள், நடையை நிறுத்துகிறாள், கடன் வாங்கிப் புதிதாக எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறாள். படத்தில் வட்டு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. இப்போது அச்சம் இரட்டிப்பாகிவிடுகிறது.

வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த பல ஆய்வுகளின் கணக்கை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியிட்டனர். அதன்படி, இருபது வயதினரிலேயே 30 விழுக்காட்டினருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. எண்பது வயதினரில் 84 விழுக்காடு. தலைமுடி நரைப்பது போன்றதே அது. படத்தில் கண்ட பிதுக்கமே இவள் வலிக்குக் காரணமென்று அதைக்கொண்டு மட்டும் தீர்த்துவிட முடியாது.

வலி ஏன் திரும்பியது? ருசிய அறிஞர் பாவ்லவ், மணியோசைக்கு நாவூறப் பழகிய நாய்களை, உணவின்றி ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச்செய்து அப்பழக்கத்தை மறக்கடித்தார். சிறிது காலம் கழித்து ஓசை கேட்டதும் அவற்றுக்கு மீண்டும் நாவூறிற்று. கற்ற பாடம் அழிவதில்லை; அதன்மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவே. தூக்கமும் நிம்மதியும் குலையும் வாரத்தில் பழைய எழுத்து மேலே தெரிகிறது. ஆனால் இரண்டாம் முறை மறக்கடிப்பது முதல் முறையைவிட எளிதாக இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே வலி திரும்பிய அன்று நடையை நிறுத்தாமல் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் பத்தாகட்டும். படுக்கையில் கிடப்பது ஒருநாள் போதும், அதுவும் தேவைப்பட்டால்தான். ஒரு கட்டுத் துணி தைத்து முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவரலாம். கடந்த ஏழு நாளில் எத்தனை மணி தூங்கினோம், யார் என்ன சொன்னார்கள், எந்தக் கவலை நெஞ்சை அழுத்தியது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பது பலருக்கு உதவும். வலிக்கு ஒரு வரலாறு உண்டென்று கண்டதும் அச்சம் பாதி தணியும். வலி நிவாரணி மாத்திரையை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது கூடவே கூடாது. இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் அவ்வழியே வருகின்றன.

கால் வலுவிழந்து துவண்டாலோ, மலசலம் தன்னையறியாமல் கழிந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அது வேறு கதை. அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தமை, கீழே விழுந்த அடி ஆகியவற்றோடு வரும் வலியையும் மருத்துவர் உடனே பார்க்கவேண்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். சாய்மானமுள்ள நாற்காலிக்கு ஆகும் செலவு, தேர்ந்த டெய்லர் ஒருவர் ஒரு வாரம் வராமற்போவதால் வரும் நட்டத்தைவிடப் பெரிதாக இராது. நாற்காலி வாங்கித் தந்த பின்னும் ஏச்சு நிற்கவில்லையென்றால் பாதிப் பயனே கிடைக்கும் என்பது நம் எண்ணம்.

வீட்டில் கணவரும் மாமியாரும், 'மறுபடியுமா?' என்று கேளாதிருப்பது பேருதவி. அதேபோல், குடத்தைத் தொடாதே, குனியாதே என்று கண்ணாடிப் பாத்திரம்போல் காப்பதும் அவளுடைய அச்சத்தையே வளர்க்கும். அரைக்குடமாகத் தூக்கட்டும். கவலை தாளாமற் போனால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இரவு பகலாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.