மலை ஏறும் கியரே மலை இறங்கவும்!

விடுமுறை வந்தால் ஹைதராபாத் தமிழர்களில் பலர் குடும்பத்தோடு காரில் ஸ்ரீசைலம் புறப்பட்டு விடுகின்றனர். மன்னனூரைத் தாண்டி நல்லமலைக் காட்டுக்குள் செல்லும் பாதை, பின்னர் வளைந்து வளைந்து கிருஷ்ணா நதியை நோக்கி இறங்குகிறது. அணைப் பக்கம் நதியைக் கடந்ததும் மீண்டும் ஏற்றம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு சோதனை. இங்கே உயிரைக் காப்பது பிரேக் மட்டுமல்ல, கியரும்தான்.

முறுக்கு விசை

கியர் குறையக் குறைய வேகம் குறையும். சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை கூடும். உதாரணமாக, முதல் கியரின் விகிதம் 3.5, அச்சிலுள்ள பல்சக்கர விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் 14 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே சுற்றுத்தான் சுற்றும். அதற்கு ஈடாக முறுக்கு விசை ஏறத்தாழ 14 மடங்காகிறது. நீண்ட கடப்பாரையால் பெரிய பாறையை நெம்புவது போலத்தான் இதுவும். ஆகவே ஏற்றத்தில் என்ஜின் திணறும்வரை காத்திராமல், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

டயரின் பிடிப்பு

ஆனால் எவ்வளவு விசை இருந்தாலும், டயருக்குத் தரையில் பிடிப்பு உள்ள அளவே அது பயன்படும். நமது மேட்டுப்பாளையம் மலை ரயிலே இதற்குச் சாட்சி. கல்லாறு - குன்னூர் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவே பற்சட்டம் பதித்து, பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்தார்கள். 1899-ல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதை இன்றும் அப்படியே இயங்குகிறது.

காருக்குப் பற்சட்டம் கிடையாது. மழையில் ஊறிய கரிசல் மண்ணில் முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். அங்கே இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்புவதே நல்லது.

இறக்கத்தில் ஆபத்து

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் உண்டு. இது தவறு. இக்காலக் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே என்ஜினுக்குப் பெட்ரோல் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகும். வண்டியின் முழுப் பாரமும் பிரேக் மீது விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பள்ளத்தாக்குதான்.

எந்தக் கியரில் ஏற வேண்டுமோ, அதே கியரில் இறங்குங்கள். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஈரச் சாலையில் மட்டும் திடீரென்று கியரைக் குறைக்காதீர்கள், சக்கரம் சறுக்கும். இறக்கம் தொடங்குமுன்பே நிதானமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டோமாடிக் கார் வைத்திருப்போரும் குறைந்த கியருக்கான நிலையை முன்கூட்டித் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சில நிமிடங்கள் தாமதமானால் என்ன? வீட்டார் பத்திரமாகத் திரும்புவதே முக்கியம்.