பழைய மோட்டார் வண்டியும் புதிய கட்டணமும்

வரி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் முகஞ்சுளிப்பது உலகத்தியற்கை. ஆயினும் இன்ன பொருளுக்கு, இன்ன காரணத்தால், இவ்வளவு வரி என்று தெளிவுற அறிந்தோர் மிகச் சிலரே. விடுமுறையில் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தபோது நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இப்பொருளைச் சற்றே ஆராயுமாறு எம்மைத் தூண்டிற்று. அவ்வாராய்ச்சியின் பயனை எம் கல்லூரி நண்பர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் தாய்மாமன் இல்லம் செங்கம் சாலையில், ரமணாசிரமத்திற்கு அணித்தே ஒரு சிறு தெருவில் உள்ளது. பல மாநிலத்தாரும் பல நாட்டாரும் வந்து தங்கும் பகுதியாதலின், அங்கே பல வயதின வண்டிகளையும் ஒருசேரக் காணலாம். ஆட்டோக்களுக்கும் புதிய ஸ்கூட்டர்களுக்கும் இடையே பழைய ராயல் என்பீல்டு புல்லட் தன் கனத்த குரலோடு செல்லும். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பெற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் விரைவு வண்டியும் அதன் பின்னே சீறிக்கொண்டு வரும். அத்தெருவில், வேப்பமரத்தடியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரது கான்டெஸா கார் நிற்கிறது.

கான்டெஸாவை இக்காலத்து மாணவர் பலர் கண்டிரார். கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1984-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். 2002-ஆம் ஆண்டில் நிறுத்தினர். உடலமைப்பு இங்கிலாந்தின் வாக்ஸால் காரினின்றும் வந்தது. பின்னர் அதனுட் பொருத்தப்பெற்ற 1.8 லிட்டர் எஞ்ஜின் ஜப்பானிய இசுஸு நிறுவனத்தின் வழி வந்தது. அம்பாஸடரும் பத்மினியும் ஊர்ந்த சாலைகளில் அஃது ஓடியபோது, விசை மிக்க கார் என்று அக்காலத்தார் வியந்து நோக்கினர். மேற்கூறிய ஆசிரியர் தம் வண்டியை ஒருவரிடமிருந்து பழையதாகவே வாங்கினார். அது 1996-ஆம் ஆண்டில் முதற்பதிவு பெற்றது. இப்பொழுது மாதத்தில் இரண்டொரு முறையே வெளியே செல்லும்.

அவர் ஒருநாள் எம்மை அழைத்து, ஒரு தாளை நீட்டி, “தம்பி, நீ கல்லூரியிற் படிக்கிற பிள்ளை; இதைப் படித்துப் பொருள் சொல். 2021-இல் பதிவைப் புதுப்பித்தபோது அறுநூறு ரூபாய் கட்டினேன். 2026-இல் மறுபடி புதுப்பிக்கப் பதினாயிரம் என்று இதில் இருக்கிறது. வண்டிக்கு ஆயுட்கால வரி எப்பொழுதோ கட்டியாயிற்று. பிறகு இது என்ன வரி?” என்று வினவினார்.

எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. “ஐயா, பார்த்துச் சொல்கிறோம்” என்று தாளைப் பெற்றுக்கொண்டு வந்தோம். பார்த்து அறிந்தவை வருமாறு.

மோட்டார் வண்டிக்கு உரியவர் செலுத்துவனவற்றை நாம் பொதுவாகச் சாலை வரி என்றே கூறிவிடுகிறோம். உண்மையில் அவை மூன்று. விதிப்பவரும் வேறு, காரணமும் வேறு.

முதலாவது, மாநில அரசின் வரி. வண்டிகளின்மேல் வரி விதிக்கும் உரிமையை நம் அரசியற் சட்டம் மாநிலங்களுக்கு அளித்துள்ளது. இவ்வரியின் வரலாறு சுவையுடையது. பழைய சென்னை மாகாணத்தில், சாலைகளிற் சுங்கம் வைத்துப் பணம் பெறுவது ஸ்தல ஸ்தாபனங்களின் வழக்கமாயிருந்தது. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அச்சுங்கத்தை நீக்கி, அதற்கு ஈடாக மோட்டார் வண்டிகளின்மேல் வரியை வைத்தது. வண்டி சாலையைத் தேய்க்கிறது. சாலையைச் செப்பனிடப் பணம் வேண்டும். ஆகவே வண்டிக்காரர் தருக என்பதே அதன் அடிப்படை. இன்று நடப்பிலுள்ளது 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். இதன்படி புதிய கார் வாங்குவோர் அதன் விலையிற் குறிப்பிட்ட பங்கை ஆயுட்கால வரியாக ஒரே முறையிற் செலுத்துகின்றனர். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வரி உயர்த்தப்பெற்றது. அதுவரை பத்து இலட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 10 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 15 விழுக்காடும் இருந்தன. பின்னர் ஐந்து இலட்சம் வரை 12, பத்து இலட்சம் வரை 13, இருபது இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு என வகுக்கப்பட்டன. நம் ஆசிரியருக்கு இவ்வுயர்வால் துன்பமில்லை. அவர் வரி முன்னரே தீர்ந்தது.

இரண்டாவது, பசுமை வரி. 2003-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டத்திற் புகுத்தப்பட்ட இது, பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிகளிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெறப்படுவது. பழைய வண்டி காற்றை மிகுதியாக மாசுபடுத்தும் என்பது இதன் காரணம்.

மூன்றாவதே ஆசிரியரைத் திடுக்கிடச் செய்தது. அது வரியன்று, பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம். அதனை விதிப்பது மாநில அரசும் அன்று. மத்திய அரசின் மோட்டார் வாகன விதிகள். 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி, சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். இதற்கான கட்டணம் காருக்கு 600 ரூபாயாகவும், மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாகவும் நெடுநாள் இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அது முறையே 5,000 ரூபாயாகவும் 1,000 ரூபாயாகவும் ஏறிற்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த திருத்தம், இருபது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியே பிரித்து, காருக்கு 10,000 ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய், அயல்நாட்டினின்று இறக்கிய காருக்கு 80,000 ரூபாய் என்று வைத்தது. ஜி.எஸ்.டி. இதற்குப் புறம்பு.

எனவே 1996-இற் பதிவான கான்டெஸா 2021-இல் 600 ரூபாயோடு தப்பியது. 2026-இல் 10,000 ரூபாய். ஐந்தே ஆண்டில் பதினாறு மடங்குக்கு மேலாயிற்று. அதே ஆண்டிற் பதிவான ஆர்.எக்ஸ். 100-க்கு 300 ரூபாய் 2,000 ரூபாயாகிறது.

நடுநிலையினின்று நோக்கின், இத்தொகை ஐந்தாண்டுக்கு உரியது. ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் ரூபாயே ஆகும். பெட்ரோலுக்கும் உதிரி உறுப்புக்கும் ஆசிரியர் இதனினும் மிகுதியாகவே செலவிடுகிறார். அவ்வாறாயின் முறையீடு எதன்பொருட்டு? தொகையின்பொருட்டு அன்று, அதன் நியாயத்தின்பொருட்டு என்பதே எம் கருத்து.

வரிக்கும் கட்டணத்திற்கும் வேற்றுமை உண்டு. வரி பொதுநன்மைக்காகப் பெறுவது. அதற்கு நேர் கைம்மாறு கேட்டற்கில்லை. கட்டணமோ ஒரு பணிக்கு ஈடாகப் பெறுவது. பதிவேட்டைப் பார்த்து, வண்டியைச் சோதித்து, சான்று வழங்கும் பணி, 2021-இல் இருந்ததைவிடப் பதினாறு மடங்கு பெருகிவிடவில்லை. ஆதலின் ஏறிய பங்கு, கட்டணம் என்னும் பெயர் பூண்ட வரியே ஆகும். அவ்வரி எதனை அளவுகோலாகக் கொண்டது? சாலைத் தேய்மானத்தையன்று, மாதம் இருமுறை ஓடும் வண்டிக்கும் நாள்தோறும் ஓடும் வண்டிக்கும் தொகை ஒன்றே. புகையையன்று, நன்கு பேணிய எஞ்ஜினுக்கும் கரும்புகை கக்கும் எஞ்ஜினுக்கும் தொகை ஒன்றே. வயது ஒன்றே அதன் அளவுகோல்.

இனி அரசின் பக்கத்தையும் கூறுதல் முறை. 2021-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையின் உட்கருத்து, பழைய வண்டியை வைத்திருத்தலை அரிதாக்கிப் புதியதற்கு மாறச் செய்தலே. அதில் நியாயம் இல்லாமலில்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டியோடு ஒப்பிட, 1996-ஆம் ஆண்டு வண்டியின் நச்சுப்புகை பன்மடங்கு மிக்கது. 1995-இற் புகையைத் தூய்மை செய்யும் கருவி கட்டாயமாக்கப்பட்டபோது, அது நான்கு பெருநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. எண்ணெயும் பெட்ரோலும் கலந்து எரிக்கும் ஆர்.எக்ஸ். 100-இன் நீலப்புகையோ சொல்லாமலே விளங்கும். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்கும் மக்கட்கூட்டத்தைக் கண்டவர், அவர்கள் இழுக்கும் மூச்சுக்கும் ஒரு மதிப்பு உண்டென்பதை மறுக்கமாட்டார். யாமும் அப்பாதையிற் சிறிது தூரம் நடந்து, மூக்கைத் துணியாற் பொத்திக்கொண்டவர்களே.

ஆயினும் புதியதற்கு மாறுக என்னும் அறிவுரை எல்லார்க்கும் எளிதன்று. எட்டு இலட்சம் ரூபாய்க் காரை இன்று வாங்குவோர், 13 விழுக்காட்டின்படி 1,04,000 ரூபாய் வரியாகவே தரவேண்டும். பழைய வண்டியை முறைப்படி கழித்துச் சான்று பெற்றோர்க்கு, அவ்வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. முழுச் சலுகையும் கிடைப்பதாகவே கொண்டாலும், எஞ்சும் 78,000 ரூபாயும் காரின் விலையும் ஓய்வூதியத்தில் வாழ்பவர் கையில் ஏது?

வண்டியைப் பழம்பொருளாகவேனும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கும் விதி உண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வகுத்த விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத வண்டியைத் தொன்மை வண்டி என்று ஏற்கின்றன. 20,000 ரூபாய் செலுத்தினால் தனி எண் கிடைக்கும். பதிவு பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பழுதுபார்த்தல் முதலியவற்றிற்கு மட்டுமே சாலையிற் செல்லலாம். சென்னையில் 1961 முதல் பத்தாண்டுக் காலம் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் யாவும் இவ்வயதை எட்டிவிட்டன. ஆனால் 1984-இல் தோன்றிய கான்டெஸாவில் எதுவும் இன்னும் எட்டவில்லை. நம் ஆசிரியரின் வண்டி 2046 வரை காத்திருத்தல் வேண்டும். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அது பயனுடைய வண்டியும் அன்று, போற்றத்தக்க பழம்பொருளும் அன்று என்பது விதியின் தீர்ப்புப் போலும்!

பிறநாட்டார் இவ்விடைவெளியை எங்ஙனம் நிரப்பினர்? ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்து, மூல உருவிற் பேணப்பட்ட காருக்குத் தனி அடையாளம் தந்து, எஞ்ஜின் எத்துணைப் பெரிதாயினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 192 யூரோ என்று ஒரே வரி வைத்துள்ளனர். பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டு மார்ச் முதல் பதிவான கார்களுக்கு, அவை வெளிவிடும் கரியமில வாயுவின் அளவே வரிக்கு அடிப்படையாயிற்று. 2006-க்கும் 2017-க்கும் இடையிற் பதிவான விசைமிக்க கார்கள் சில, இன்று ஆண்டுக்கு 700 பவுனுக்கு மேல் செலுத்துகின்றன. அவற்றின் உரிமையாளர் புலம்பலும் பெரிதே. ஆயினும் நாற்பது ஆண்டு நிரம்பிய கார் அங்கே வரியினின்று நீங்குகிறது. அவர்கள் வரி மிகுதியாயினும் அதன் காரணம் வெளிப்படை. புகை கூடினால் வரி கூடும்.

நம் நாட்டிலும் இங்ஙனம் ஒரு நடுவழி காண்டல் அரிதன்று. முப்பது ஆண்டு கடந்த வண்டியை, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டரே ஓட்டுவேன் என்னும் உறுதியின்பேரிற் குறைந்த கட்டணத்தில் விடலாம். ஓட்டத்தை மீட்டரே காட்டும். புகைச் சோதனையில் தேறிய அளவுக்கேற்பக் கட்டணத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அப்பொழுது பழைய வண்டியைப் பேணுவோர் பயன்பெறுவர். பாழாக விடுவோர் பணம் இழப்பர். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையை எடுத்துரைத்த பிசிராந்தையார் பாடலைப் புறநானூற்றிற் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது புதிய கருத்தன்று. வரி வாங்குதல் தவறென்று அப்புலவர் கூறவில்லை. வழியறிந்து வாங்குக என்றே கூறினார்.

நிற்க. பழைய வண்டியுடைய நண்பர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படுமாறு ஒன்று கூறுவோம். பதிவுச் சான்றில் முடிவு நாளை இன்றே பாருங்கள். அந்நாளுக்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புறுதியும் புகைச் சான்றும் நடப்பில் இருத்தல் வேண்டும். பதிவு தீர்ந்த வண்டியைச் சாலையில் ஓட்டினால், முதன்முறைக்கே ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம் நேரலாம். அயலூரிலிருந்து பழைய வண்டி வாங்குவோர், விலையோடு இக்கட்டணங்களையும் கூட்டிப் பார்த்தே முன்பணம் தருக.

விடுமுறை முடிந்து புறப்படுமுன் ஆசிரியரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு, காரின் முகப்பிற் படிந்திருந்த வேப்பம்பூவைத் துடைத்துக்கொண்டே, “புதுப்பித்துத்தான் ஆகவேண்டும் தம்பி. என் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரிக்கும், பேத்தியைப் பள்ளிக்கும் கொண்டுபோன வண்டி. ஆனால் புகைச் சோதனையில் நல்ல எண் வாங்கினால் ஒரு ரூபாயாவது குறைத்தார்கள் என்றால், இன்னும் நன்றாக வைத்துக்கொள்வேன்” என்றார்.

எம் ஆராய்ச்சி முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டதாகவே எமக்குத் தோன்றிற்று. நன்கு பேணுவோரை ஊக்குவதாக வரி அமையுமாயின், செலுத்துவோர்க்கும் மனக்குறை இராது. கிரிவலம் வருவோர்க்கும் தூய காற்றுக் கிட்டும்.