காவல்காரனுக்குக் காப்பீடு இல்லை... பார்வோ தாக்கிய குட்டியை, கையில் இருக்கும் பணத்தில் காப்பாற்றுவது எப்படி?

கறவை மாட்டுக்குக் காப்பீடு உண்டு. ஆடு, பன்றி வளர்ப்பவர்களும் தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் மானியத்தில் காப்பீடு எடுக்கலாம். ஆனால், அந்தப் பட்டியை விடிய விடிய காவல் காக்கும் நாய்க்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. தருமபுரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய பென்னாகரம், பாலக்கோடு பகுதி விவசாயிகளுக்கு நாயின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. யானையோ காட்டுப்பன்றியோ கொல்லைக்குள் இறங்கினால், முதல் தகவல் நாயிடமிருந்துதான் வரும்.

தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் சில, நாய்களுக்கும் பாலிசி தருகின்றன. கிராமத்தில் அதை எடுப்பவர்கள் அரிது. எடுத்திருந்தாலும், தடுப்பூசி போட்ட சான்று இல்லாத நாய்க்கு, தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் வந்தால் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. ஆக, குட்டி ரத்தமாகக் கழியத் தொடங்கும் நாளில் நம் கையில் இருப்பது இரண்டு மட்டுமே: கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம். இந்த இரண்டில் நேரம்தான் பெரியது. முதல் நாளே மருத்துவரிடம் போனால் குறைந்த செலவில் முடியக்கூடிய வைத்தியம், மூன்றாம் நாள் போனால் பல ஆயிரங்களைக் கேட்கும். அப்போதும் உயிருக்கு உத்தரவாதம் இருக்காது.

குட்டிகளைக் குறிவைக்கும் பார்வோ

ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளை அதிகம் கொல்லும் நோய்களில் முதன்மையானது பார்வோ வைரஸ். 1978-ம் ஆண்டு பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடித்த நோய் இது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையிலும் பதிவானது. நாட்டு நாய், ராஜபாளையம், பொமேரியன் என்று இனம் பார்க்காமல் தாக்கும். உடம்பு சிறுத்த குட்டிகளில் நீர் வேகமாக வற்றிவிடும் என்பதால், சின்ன நாய்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு.

முதலில் குட்டி சோர்ந்து படுக்கும், சோறு தொடாது. பிறகு வாந்தி. அடுத்து, துர்நாற்றத்துடன் தண்ணீர் போன்ற கழிச்சல். பல நேரம் ரத்தம் கலந்திருக்கும். இந்த வைரஸ் குடலின் உள்படலத்தையும், எலும்பு மஜ்ஜையையும் அழிக்கிறது. குடல் படலம் போனால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறும். குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் புகும். மஜ்ஜை பாதிக்கப்பட்டால் வெள்ளை அணுக்கள் குறைந்து, எதிர்த்துப் போராட ஆளில்லாமல் போகும். குட்டி சாவது பெரும்பாலும் இந்த நீரிழப்பாலும், ரத்தத்தில் கலந்த கிருமியாலும்தான்.

தோள்பட்டைக்கு மேலுள்ள தோலை இரண்டு விரலால் தூக்கி விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிப்பாக நின்றால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். ஈறு காய்ந்து பிசுபிசுப்பது, கண் உள்வாங்குவது ஆகியவையும் அதே அறிகுறிதான். இந்த நிலையில், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

மருந்தே தண்ணீர்தான்

இங்கே வழக்கமாகக் கிடைக்கும் மருந்துகளில் பார்வோ வைரஸை நேரடியாகக் கொல்லும் மாத்திரை எதுவும் இல்லை. உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும் வரை குட்டியைப் பிடித்து வைத்திருப்பதே வைத்தியம். அதில் டிரிப்ஸ் முதன்மை. அடுத்து வாந்தியை நிறுத்தும் ஊசி, பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்.

ஒரு கணக்கு பார்ப்போம். மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு உடம்பில் 8 சதவிகித நீர் வற்றியிருந்தால், குறை 240 மில்லி. அன்றாடத் தேவை, கிலோவுக்கு 60 மில்லி வீதம் 180 மில்லி. இரண்டும் சேர்ந்து 420 மில்லி. வாந்தியிலும் கழிச்சலிலும் தொடர்ந்து போவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆக, முதல் நாள் தேவை ஏறக்குறைய ஓர் அரை லிட்டர் பாட்டில் திரவம். பில் ஏறுவது அந்த பாட்டிலால் அல்ல; உள்நோயாளியாக வைத்திருக்கும் நாட்களாலும், பரிசோதனைகளாலும், இரவு பகல் கவனிப்பாலும்தான். எவ்வளவு, எந்த வேகத்தில் ஏற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு நமக்குப் பயன்படும். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், பார்வோ பாதித்த 40 நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். 20 நாய்களுக்கு மருத்துவமனையில் முழு சிகிச்சை, 18 பிழைத்தன. மற்ற 20 நாய்களுக்கு, முதலில் ரத்தக்குழாய் வழியாக நீரிழப்பைச் சரிசெய்துவிட்டு, பிறகு வெளிநோயாளிக்குத் தரக்கூடிய எளிய முறை: தோலுக்கு அடியில் திரவம், வாந்தி ஊசி, நீண்ட நேரம் வேலை செய்யும் ஆன்டிபயாடிக். 16 பிழைத்தன. முழு சிகிச்சைதான் மேல். ஆனால், அதற்கு வசதி இல்லை என்பதால் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் செத்துப்போகின்றன.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுங்கள்

மருத்துவரிடம் குட்டியைக் காட்டியதும், 'ஐயா, என்னால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் எது அவசியம்?' என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேட்டால்தான் அவர் வரிசைப்படுத்திச் சொல்ல முடியும். தினமும் அழைத்து வந்து டிரிப்ஸ் போட்டுக்கொள்ளலாமா, தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவதை வீட்டில் செய்யக் கற்றுத் தருவாரா என்றும் கேளுங்கள்.

மலப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். கொக்கிப்புழுவும் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலைத் தரும். அது புழுவாக இருந்தால், குறைந்த செலவிலேயே குணமாகும்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம்தான் முதல் வாசல். அங்கே முடியாத கேஸ்களை, தருமபுரியிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். தருமபுரியிலிருந்து நாமக்கல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கிளம்பும் முன் உள்ளூர் மருத்துவரிடம் முதல் டிரிப்ஸை ஏற்றிக்கொண்டு போவது நல்லது. நீர் வற்றிய குட்டி அவ்வளவு தூரம் தாங்காது. 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண், மாடு, ஆடுகளை முன்வைத்துத் தொடங்கப்பட்டது. வழி கேட்பதற்காகவாவது அழைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் செய்யக் கூடாதவை

* மனிதர்களுக்கான வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, கழிச்சலை நிறுத்தும் மாத்திரை எதையும் தர வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் ஆகியவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.
* வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் பாலையோ கஷாயத்தையோ ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.
* வாந்தி அடங்கியதும், காரமோ வெங்காயமோ பூண்டோ சேர்க்காமல், குழைய வேகவைத்த சோறும் கோழிக்கறி வேகவைத்த நீரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். பால் வேண்டாம்.
* குட்டியின் உடம்பு சில்லிட்டுப்போகாமல், துணியில் சுற்றிக் கதகதப்பாக வையுங்கள்.

ஃபினாயில் போதாது

பார்வோ, நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, நிழலான மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். ஃபினாயில் இதைக் கொல்லாது, சானிடைசரும் கொல்லாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கைக் கழுவாமல் ஊற்றினால் பயனில்லை. குட்டி படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். செருப்பிலும் கைகளிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் குட்டிக்கும் போகும். மனிதர்களுக்கும் ஆடு மாடுகளுக்கும் இது தொற்றாது.

நம் கையில் இருக்கும் காப்பீடு

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் முடியும் வரை மறு ஊசிகள். இடையில் நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையாகாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்போது ஊசி வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் மீண்டும் போடுகிறார்கள். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி தனியாகப் போட வேண்டும். அது கலப்பு ஊசியில் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள்.

கலப்பு ஊசிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். ஒரே தெருவில் நாலைந்து குட்டிகள் இருந்தால், எல்லோரும் சேர்ந்து மருத்துவரை அழைத்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கினால் ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள். மாதம் ஒருமுறை, ஒரு வேளைப் பால் பணத்தை நாய்க்கென்று உண்டியலில் போட்டு வைத்தால், ஆபத்து நாளில் அது கைகொடுக்கும்.

வாசகர்கள் அதிகம் கேட்கும் மூன்று கேள்விகள்

மூன்று நாள் பார்த்தும் குட்டி தேறவில்லை. என்ன செய்வது?
முதல் மூன்று, நான்கு நாட்களைத் தாண்டும் குட்டிகளுக்கு நம்பிக்கை கூடுகிறது. உடம்பு சில்லிட்டு, எழவே முடியாமல் போனால், மேற்கொண்டு செலவு செய்வதில் பலன் உண்டா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்வதும் ஒரு பொறுப்பான முடிவுதான். ஆனால், சாகட்டும் என்று காட்டிலோ சாலையோரத்திலோ விட்டுவிடக் கூடாது. பசி, தாகத்தால் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

குட்டி இறந்த இடத்தில் புதுக் குட்டி வளர்க்கலாமா?
தடுப்பூசிகள் முழுமையாக முடிந்த நாயைக் கொண்டு வரலாம். ஊசி போடாத குட்டியை ஓராண்டுக்காவது அங்கே விடாதீர்கள். இறந்த குட்டியைக் கிணறு, ஓடையிலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

குட்டிக்கு எச்சில் ஒழுகுகிறது, தாடை தொங்குகிறது. இதுவும் பார்வோவா?
வாயில் கை வைக்க வேண்டாம். அது வெறிநோயாக இருக்கலாம். குழந்தைகளை விலக்கிவிட்டு மருத்துவரை அழையுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தாலும், காயத்தில் எச்சில் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.