ஆகாய தூரமும் பிரயாண காலமும்

கீரனூரை அடுத்த குளத்தூரிலிருந்து பார்க்கும்போது, சென்னைப் பட்டணத்தைவிட யாழ்ப்பாணம் அண்மையில் இருக்கிறது என்று சொன்னால் பலரும் வியப்படைவார்கள். தேசப்படத்தின் மேல் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். குளத்தூருக்கு அருகிலுள்ள திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வரையில் இழுத்த நேர்கோடு, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் கரையோரமாகக் கடலை எட்டி, பாதி நிலமும் பாதி நீருமாக, ஏறத்தாழ 185 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது.

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைந்தது. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்து முதல் டகோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து அந்த வழியாகவே சென்னைக்கு வந்தது. பிற்காலத்து யுத்தத்தினால் நெடுங்காலம் அறுந்து கிடந்த அந்தத் தொடர்பு, 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானபோது புத்துயிர் பெற்றது. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தும் இண்டிகோ விமானம் அங்கே பறக்கத் தொடங்கியது.

இனிக் கணக்குக்கு வருவோம். இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம் கொள்ளக்கூடியது. அப்படியானால் 185 கிலோமீட்டரை இருபத்திரண்டு நிமிஷத்தில் கடந்துவிட வேண்டுமே, கால அட்டவணை ஏறக்குறைய ஒரு மணி என்று சொல்வானேன்? சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நிமிஷம் முதல், மறுமுனையில் அது வந்து நின்று கட்டை வைக்கப்படும் நிமிஷம் வரையிலான காலத்தையே அட்டவணை கணக்கிடுகிறது. கிழக்கு மேற்காகக் கிடக்கும் திருச்சி ஓடுபாதையில், காற்றின் திசையை அனுசரித்து மேற்கு நோக்கி எழும்ப நேர்ந்தால், தென்கிழக்கே போகவேண்டிய விமானம் முதலில் ஒரு பெரும் வளைவு வளைந்தே தன் வழிக்கு வரவேண்டும். பிறகு மெல்ல மெல்ல உயரம் ஏறி, முழு வேகம் பிடித்துச் சிறிது பறப்பதற்குள் இறங்கத் தொடங்கும் வேளை வந்துவிடுகிறது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஜெட் விமானம் சுமார் நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. தூரம் பதினாறு மடங்கு, காலமோ நான்கே மடங்கு! ஏறுவதும் இறங்குவதும் எப்பிரயாணத்துக்கும் பொதுவான செலவாதலால், நெடும்பிரயாணத்தில் அது கரைந்துபோகிறது. குறும்பிரயாணத்தில் அதுவே பெரும்பகுதியாகிவிடுகிறது. சிங்கப்பூர்ச் சீட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்ப்பவர், அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதையும் மறக்கலாகாது. இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒன்றேயாதலால் அந்தக் குழப்பம் இங்கே இல்லை.

எனினும் உண்மையான தாமதம் தரையில்தான். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பது குளத்தூரார் செய்த பாக்கியம். ஆனால் வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதே வழக்கம். இறங்கியபின் கடவுச்சீட்டுச் சோதனையும், பலாலியிலிருந்து தெற்கே யாழ்ப்பாண நகரம் வரையிலான சாலையும் இருக்கின்றன. ஆகவே உறவினரைக் காணப் புறப்படும் அன்பர்கள், விமானம் பறக்கும் ஒரு மணியை நம்பி அன்று மாலையே வேறு காரியம் வைத்துக்கொள்ளாமல், வாசற்படி தாண்டுவது முதல் வாசற்படி ஏறுவது வரை அரைநாளுக்கு மேலாகும் என்று கணக்கிட்டுப் புறப்படுவார்களாக.